கம்மலும் ஒரு மரையாணிதான்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவி, படவேடு)



"பாலிடெக்னிக் மலரில் கம்மலைப் பற்றிக் கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். நம் ஒர்க் ஷாப்புக்கும் கம்மலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்துப் படவேடு. அம்மாவிடம் இருப்பது அரைப் பவுன் கம்மல், ஒரே ஜோடி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். முதலாண்டு சேரும்போது அந்தக் கம்மல் அடகுக்குப் போனது. காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு அம்மா நடவுக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்துத்தான் மீட்டோம்.

அடுத்து வந்த ஆடி வெள்ளி. ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டமான கூட்டம். வெளியே வந்து பார்த்தால் ஒரு காதில் கம்மலைக் காணோம்! அம்மா முகம் செத்துப்போச்சு. நல்லவேளை, சேலை மடிப்பில் சிக்கியிருந்தது. திருகாணி மட்டும் போயே போச்சு.

வீட்டில் கம்மலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரை தேய்ந்திருந்தது. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. தங்கம் மெத்தென்ற உலோகம். கோணலாக வைத்து முறுக்கினால் மரை அழியும். ஃபிட்டிங் வகுப்பில் படித்ததுதானே! பத்தரிடம் கொடுத்துப் புது மரையும் திருகாணியும் போட்டோம். அதில் நான் கற்றவை இவை:

1. திருகாணியை முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். 'டக்'கென்று மரையில் உட்காரும். பிறகு வலப்பக்கம் திருகுங்கள். இறுக்கி முறுக்க வேண்டாம்.

2. கழற்றும்போது கீழே துண்டு விரித்துக்கொள்ளுங்கள். குழாயடி வேண்டவே வேண்டாம்.

3. லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் போகுமுன் ஜிமிக்கி, வளையம், தொங்கட்டானைக் கழற்றிவிடுங்கள். சுற்றுகிற மெஷினில் மாட்டினால் காது கிழியும்.

4. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பழைய மெல்லிய பிரஷ்ஷும் போதும். முத்து வைத்த தோட்டில் புளி, எலுமிச்சை படக் கூடாது, முத்து அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் நகைக்கு ஆகாது.

5. கவரிங் போட்டுக் காது அரித்தால், அதிலுள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். உடனே கழற்றுங்கள். புண்ணானால் டாக்டரிடம் போங்கள்.

6. ஒவ்வொரு ஜோடியையும் திருகாணியோடு தனித்தனிப் பஞ்சுத் துணியில் சுற்றி வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் கீறல் விழும்.

7. அடகு வைக்கும்போது எடை, கல், திருகாணி எல்லாம் ரசீதில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படித்தவர்கள் நாம்தானே பார்க்க வேண்டும்?

கடைசி செமஸ்டர் ஃபீசுக்காகக் கம்மல் மறுபடி அடகுக் கடையில் இருக்கிறது. இந்த முறை ரசீதை நானே படித்து வாங்கினேன். முதல் சம்பளத்தில் மீட்டு, அம்மா காதில் என் கையாலேயே திருகுவேன். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்!