வயதான நாய் வருகிறது. பூனைகள் என்ன செய்யும்?

கேள்வி: டாக்டர் ஐயா, மன்னார்புரத்தில் தனி வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், எழுபத்தைந்து வயது மாமியார். கூடவே இரண்டு பூனைகள். மீனாட்சிக்கு ஒன்பது வயது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தபோதே வந்து சேர்ந்தவள். பட்டாணி மூன்று வயதுக் கடுவன், கருத்தடை செய்தாயிற்று. இரண்டும் மதில் ஏறி வெளியே போய்வரும். காஜாமலைப் பக்கம் வாடகை வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம் தங்கள் நாயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது. மகளின் தோழி வீட்டில் இப்போதைக்கு வைத்திருக்கிறார்கள். பெண் நாய், எட்டு வயதிருக்கும் என்கிறார்கள். ஒல்லி முகம், நெட்டைக் கால்; சிப்பிப்பாறைக் கலப்பு என்று பேச்சு. மனிதர்களிடம் பரம சாது. மகள் கூட்டிவரத் துடிக்கிறாள். மாமியாருக்கு வெறிநாய்க்கடி பயம். கணவரோ, “ஒரு மாசம் வெச்சுப் பாப்போம், ஒத்துவரலைன்னா பழைய எடத்துலயே விட்டுடலாம்” என்கிறார். எனக்குப் பூனைகளை நினைத்துத்தான் கவலை. வயதான நாய் பூனையைத் துரத்தாது என்று நம்பலாமா?
– ஒரு வாசகி, மன்னார்புரம், திருச்சி.

பதில்: வயதை மட்டும் நம்பாதீர்கள் அம்மா. எட்டு வயது நாய் செருப்பைக் குதறாது, சோபாவைக் கிழிக்காது, பகலில் பெரும்பாலும் தூங்கும். அதன் குணம் என்ன என்பதும் இதற்குள் தெரிந்துபோயிருக்கும். அதனால் பூனை இருக்கிற வீட்டுக்குக் குட்டி நாயைவிட நடுவயது தாண்டிய நாயே மேல் என்பது என் கட்சி. ஆனால் ஓடுகிற சின்ன உருவத்தைக் கண்டால் பாய்கிற பழக்கம் வயதோடு போய்விடுவதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டங்களில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. படுத்திருக்கும் பூனையை அது ஏறிட்டும் பார்க்காது. அதே பூனை எழுந்து ஓடினால் கதையே வேறு. மூட்டுத் தேய்ந்த கிழ நாய்கூடப் பத்தடி தூரத்துக்குப் பழைய வேகத்தைக் காட்டிவிடும். உங்கள் கூடத்துக்குப் பத்தடி போதும்.

அது சிப்பிப்பாறைதானா என்பது வேறு விஷயம். நம் ஊரில் ஒல்லியாக இருப்பதெல்லாம் சிப்பிப்பாறை, வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம். ஜாதியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு நாயையே கேட்டுவிடுவோம்.

கூட்டிவரும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாலையில் ஏதாவது கறிக்கடை, மீன்கடை ஓரம் தெருப்பூனைகள் காத்துக் கிடக்கிற இடமாகப் பார்த்து, முப்பதடி தள்ளி நாயை நிறுத்துங்கள். கழுத்துப் பட்டை மட்டும் போதாது. இந்த வாகு நாய்களுக்குத் தலை குறுகல், பட்டையை உருவிக்கொண்டு போய்விடும். நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் போடுங்கள். பூனையைப் பார்த்ததும் காது நிமிர்வது இயல்பு. அடுத்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேகவைத்த கோழித் துண்டை நீட்டினால் வாங்குகிறதா என்று பாருங்கள். வாங்கினால் மேலே யோசிக்கலாம். வாயை மூடிக்கொண்டு, உடம்பு விறைத்து, கறியைக் கண்டுகொள்ளாமல் பூனையையே வெறித்து, லேசாக நடுங்கி முனகினால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். குரைத்துக் குதிக்கிற நாயைவிட இந்தச் சத்தமில்லாத நாய்தான் ஆபத்து. ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்னொரு நாளும் பாருங்கள். தேறவில்லை என்றால் பூனை இல்லாத வீடாகத் தேடிக் கொடுங்கள். மகள் அழுவாள், அழட்டும்.

நாய் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் பூனைகளின் பாடு. நாய் வந்த வீட்டில் பூனை கடிபட்டுச் சாவதை நான் பார்த்தது குறைவு. அடிக்கடி பார்ப்பது, பூனை வீட்டைக் காலி செய்துவிடுவதை. முதலில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வரும். பிறகு நாய் தூங்கிய பின் வரும். பிறகு அடுத்த தெருவில் யாரோ பால் ஊற்றுகிற வீட்டுப் பூனையாகிவிடும். வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து, “ரெண்டும் சண்டையே போடலை டாக்டர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். சண்டை போட எதிராளி வீட்டில் இருந்தால்தானே! மீனாட்சி ஒன்பது வயதில் புது இடம் தேடிப் போனால் நெடுஞ்சாலை வண்டிகளுக்கு அவளால் ஈடுகொடுக்க முடியாது. எனவே முதல் ஒரு மாதம் பூனைகளை வெளியே விடாதீர்கள். சண்டை நடக்கிறதா என்று பார்ப்பதைவிட, பூனைகள் எங்கே தூங்குகின்றன, வழக்கமான இடத்துக்கு இறங்கி வருகின்றனவா, தட்டைக் காலி செய்கின்றனவா என்று பாருங்கள்.

பலரும் செய்கிற காரியம், பூனைகளை ஒரு அறையில் அடைத்துவிட்டு நாயைக் கூடத்தில் விடுவது. இது தலைகீழ். புதிதாக வந்தவருக்குத்தான் அறை. கூடம், சமையலறை, மாடிப்படி எல்லாம் பழையபடி பூனைகளுக்கு. நாய் படுத்த துண்டைப் பூனைகள் இருக்கிற இடத்திலும், பூனை படுத்த துணியை நாயின் அறையிலும் போட்டு வையுங்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாப்பாடு வைத்து, நாளுக்கு நாள் தட்டுகளைக் கதவை நோக்கி நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் நிம்மதியாகச் சாப்பிட்டால், நாயை நன்றாக நடக்க வைத்து, வயிறு நிரம்பிய நேரத்தில், ஹார்னஸும் கயிறுமாகக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். பூனையை மடியில் பிடித்துக்கொண்டு அறிமுகம் செய்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், கீறல் உங்களுக்குத்தான். பூனைக்கு வேண்டியது தப்பிக்க வழி. பரண், பீரோவின் மேல்பக்கம், ஜன்னலுக்கு மேலே இருக்கிற சிமெண்ட் பலகை இவற்றை இணைத்து, தரையில் கால் படாமலே கூடத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை போக ஏற்பாடு செய்யுங்கள். தச்சர் வந்து நாலு பலகை அடித்தால் முடிந்தது. மீனாட்சியின் வயதில் ஒரே தாவலில் பீரோ ஏற முடியாது. இடையில் ஒரு ஸ்டூல் போடுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது நாயையும் பூனைகளையும் பல மாதங்களுக்குத் தனித்தனியாகவே வையுங்கள். கூடத்தில் சேர்ந்து படுக்கிற அதே நாய், மதிலோரம் ஓடும் அதே பட்டாணியைத் துரத்தலாம். வீட்டுக்குள் கற்ற பாடம் வாசலுக்கு வெளியே செல்லாது.

அடுத்து மருந்து விஷயம். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய் கடிக்காமல் விட்ட பூனையை நாயின் மருந்து கொன்றுவிடும். கைவிடப்பட்ட நாய் என்றால் உண்ணி இருக்கும். கடையில் கேட்டதும் கழுத்தில் சொட்டு விடுகிற மருந்தோ, தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுகிற மருந்தோ கொடுப்பார்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் தொடாதீர்கள். நாய்க்கு அது பாதுகாப்பானது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. மருந்து காயாத நாயின் மேல் உரசினாலோ, அந்த ரோமத்தை நக்கினாலோ பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும். அமிட்ராஸ் என்கிற குளியல் மருந்தும் பூனைக்கு ஆகாது. நாய்க்கு வாய்வழி உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன: ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் போன்றவை. ரோமத்தில் எதுவும் ஒட்டாது. வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதால் மருத்துவர் பார்த்தே கொடுக்க வேண்டும். அதேபோல, கிழ நாய் நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கிற பாரசிட்டமால், டைக்ளோஃபினாக் எதையும் எடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். டைக்ளோஃபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

கூட்டிவருவதற்கு முன்பே நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகம், கல்லீரல் எப்படி என்பதோடு, உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா கிருமிகளுக்கும் பாருங்கள். திருச்சியில் முடியாத பரிசோதனைக்கு நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கருத்தடை ஆகியிருக்கிறதா என்பதும் முக்கியம். மாநகராட்சி கருத்தடை செய்து விட்ட தெருநாய் என்றால் காதில் வெட்டு அடையாளம் இருக்கும். வீட்டு நாய் என்றால் வயிற்றில் தழும்பைத் தேட வேண்டும். ஆகவில்லை என்றால், இந்த வயதுப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கிற நோய் வரும். பருவம் முடிந்த சில வாரங்களில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால், சோர்ந்து படுத்தால், அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பட்டாணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடுவன் பூனைக்கு மனஅழுத்தம் வந்தால் சிறுநீர்ப்பை வீங்கி, சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து ஒன்றும் வராமல் கத்தினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மீனாட்சி இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம், கல்லீரல் கெட்டுப்போகும். பூனைகளின் சாப்பாட்டுத் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பூனைத் தீனியின் கொழுப்பு கிழ நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. நாய்த் தீனியில் பூனைக்கு வேண்டிய டாரின் சத்து போதாது, நாளடைவில் இதயம் பலவீனமாகும்.

மாமியாரின் பயம் நியாயமானது. நாய்க்கும் இரண்டு பூனைகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறை, தவறாமல். பூனைக்கும் இந்த நோய் வரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இதுவரை உங்கள் பூனைகளுக்குப் போடவில்லை என்றால், மாமியார் பயப்பட வேண்டியது நாயைப் பார்த்து மட்டுமில்லை. யாருக்குக் கடியோ கீறலோ பட்டாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது.

உங்கள் கணவர் சொல்கிற ‘பழைய எடத்துலயே விட்டுடலாம்’ நடக்காத காரியம். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். (முதல் முறைக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்குள்தான், காஜாமலையில் விட்டுப்போனவர்களுக்கு அது ஒரு டீச்செலவு.) தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவிலும், விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது நல்ல யோசனைதான். அதைத் தோழி வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: ஒத்துவராவிட்டால் அவர்களிடமே திரும்பும், வேறு வீடு தேடுகிற செலவிலும் அலைச்சலிலும் உங்களுக்குப் பாதிப் பங்கு. பேச்சோடு நிறுத்தாமல் இரண்டு வரி எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மட்டும் கூட்டிவர வேண்டாம். வெடிச் சத்தத்தில் புது நாய் கதவைப் பிறாண்டும், பூனைகள் பரணில் ஒடுங்கும், யாருக்கு யாரைக் கண்டு பயம் என்றே உங்களால் கண்டுபிடிக்க முடியாது.