விதைக்குள் நடக்கும் பாகப்பிரிவினை

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டை ஒட்டி ஒன்றே முக்கால் ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை இங்கே சொல்லியாக வேண்டும்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டுக் கத்தரி எனக்கு அமோகமாகக் காய்த்தது. நல்ல காய்களைப் பழுக்க விட்டு விதை எடுத்தேன். குத்தகைக்குப் பயிர் வைக்கும் பக்கத்து நிலத்து அம்மாவுக்கும் ஒரு பிடி கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்து நின்றார். "சார், ஒரு செடி நீளக் காய், ஒரு செடி உருண்டை, பாதி செடி காய்க்கவே இல்ல. மார்க்கெட்ல ஒரு மூட்டையா கட்ட முடியல சார்." அவருக்கு ஒரு போகம் போச்சு. அந்த போகத்துக் குத்தகைப் பணத்தை நான்தான் கட்டினேன். ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பேரனின் உயிரியல் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். விடை செல் பிரிவதில் இருந்தது.

நகல் எடுக்கும் பிரிவு

கத்தரிச் செல் ஒவ்வொன்றிலும் 24 குரோமோசோம்கள். இவற்றை 24 பேரேடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 தாய் வழி, 12 தந்தை வழி. வேரும் தண்டும் இலையும் வளரும்போது செல் முதலில் 24 பேரேட்டுக்கும் நகல் எடுக்கிறது. பிறகு அசலும் நகலுமாக நடுவில் வரிசை கட்டி, ஆளுக்கு ஒன்றாக இரு பக்கமும் பிரிகின்றன. இரண்டு செல்லிலும் அதே 24. இதுதான் மைட்டாசிஸ் என்கிற மறைமுகப் பகுப்பு.

வாழைக்கன்று, கரும்புக் கரணை, முருங்கைப் போத்து எல்லாம் இந்த வழியில் வருபவை. அதனால் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. ஆபத்தும் இதில்தான். வாழைத் தோப்பில் ஒரு மரத்துக்கு வாடல் நோய் வந்தால், அதே தாயின் கன்றுகள் எல்லாம் அதே நோய்க்குப் பணியும்.

பாதியாக்கும் பிரிவு

பூவுக்குள் கணக்கு வேறு. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது நகல் ஒரு தடவை, பிரிவு இரண்டு தடவை. தாய் வழிப் பேரேடும் தந்தை வழிப் பேரேடும் முதலில் ஜோடி சேர்ந்து, தங்களுக்குள் சில பக்கங்களை மாற்றிக்கொள்கின்றன. பிறகு ஜோடி பிரிகிறது; அடுத்து நகலும் பிரிகிறது. கடைசியில் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 12 மட்டும். இது மியாசிஸ் என்கிற குன்றல் பகுப்பு. 12 மகரந்தத்தில், 12 சூலில். சேர்ந்தால் மறுபடி 24.

எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்குச் சட்டம் இல்லை. 12 ஜோடிக்கு 4,096 விதமான சேர்க்கை வரலாம். பக்க மாற்றத்தையும் சேர்த்தால் கணக்கே இல்லை.

என் தப்பு இங்கே புரிந்தது. வீரிய ஒட்டு என்பது இரண்டு தூய வரிசைகளின் பிள்ளை. முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி. அதன் பூவில் குன்றல் பகுப்பு நடந்ததும் சீட்டு கலைந்துவிடுகிறது. பாட்டன் குணம் ஒரு செடியில், பாட்டி குணம் இன்னொன்றில். நாட்டு ரகத்தில் இரண்டு பக்கப் பேரேட்டிலும் ஏறக்குறைய ஒரே கணக்கு என்பதால், கலைத்தாலும் பெரிய மாற்றம் வராது.

நம் சாலையில் ஒரு ஆய்வாளர்

இந்தக் கலைப்பை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். 1912-ல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில், நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து கோ 205 ரகத்தை 1918-ல் வெளியிட்டார்கள். பின்னாளில் அங்கே கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர், கடைசி வரை ஆய்வு செய்து 1984-ல் மதுரவாயலில் மறைந்தார். இதே பெங்களூரு சாலையில், நமக்குக் கிழக்கே!

நாம் செய்ய வேண்டியது

1. விதைக்கு நாட்டு ரகமோ, நிலைத்த ரகமோ மட்டும். ஒட்டு ரகத்தில் வேண்டாம்.
2. பூ விரியும் முன் மொட்டைத் துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். தேனீ கொண்டுவரும் அயல் மகரந்தம் சேராது. பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.
3. ஒரே செடியில் எடுக்காமல், நோய் இல்லாத பல செடிகளில் எடுங்கள்.
4. காய் மஞ்சளாகப் பழுத்த பிறகே விதை எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஒட்டு ரகத்தைத்தான் நிலைநிறுத்துவேன் என்றால் பொறுமை வேண்டும். தன் மகரந்தமே சேரும்படி மூடி வளர்த்தால், கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். ஆறேழு தலைமுறை தேர்வு செய்ய வேண்டும்.

போன தையில் அந்த அம்மாவுக்கு நாட்டுக் கத்தரி விதை கொடுத்தேன். வாங்கும்போது, "இது எந்தச் செடியில எடுத்தீங்க சார்?" என்று கேட்டார். விதை வாங்கும் யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.