'ஹவெவர்' பிறந்த கதை

கேள்வி: 'பட்', 'ஹவெவர்' இரண்டுக்கும் 'ஆனால்' என்றுதானே பொருள்? 'பட்' போட்ட இடத்தில் 'ஹவெவர்' போட்டால் மட்டும் ஏன் பிழை என்கிறார்கள்?

பதில்: பொருள் நெருக்கமானதுதான், பிறப்பு வேறு. 'பட்' பழைய ஆங்கிலத்தில் 'வெளியே' என்று பொருள்பட்ட சொல். ஸ்காட்லாந்தின் இரண்டு அறைக் குடிசைகளில் வெளியறைக்கு 'பட்', உள்ளறைக்கு 'பென்' என்று பெயர். 'வெளியே' என்பதிலிருந்து 'நீங்கலாக' வந்தது. 'ஆல் பட் ஒன்' என்பதில் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து வளர்ந்து, இரண்டு வாக்கியங்களை இணைக்கும் இடைச்சொல் ஆனது.

'ஹவெவர்' அப்படி வளரவில்லை. 'ஹவ்', 'எவர்' என்ற இரண்டும் சேர்ந்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உண்டான சொல் அது. அப்போது அதற்கு 'எப்படியானாலும்', 'எவ்வளவானாலும்' என்றே பொருள். வினாச்சொல்லையும் 'உம்'மையும் வைத்து நாம் 'எப்படியானாலும்' என்று ஆக்கிக்கொண்டதைப் போன்ற வழிதான் இதுவும். 'இருந்தபோதிலும்' என்ற இன்றைய பொருள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுத்தில் தெரியவருகிறது. பொருள் மாறினாலும் வகை மாறவில்லை: அது வினையடையாகவே நின்றுவிட்டது. வாக்கியங்களை இணைக்கும் உரிமை அதற்கு இல்லை.

'இட் ரெய்ன்ட் ஆல் நைட், பட் தி பஸ் கேம் ஆன் டைம்' சரி. இதில் 'பட்'டை எடுத்துவிட்டு 'ஹவெவர்' வைத்தால், இரண்டு முழு வாக்கியங்கள் வெறும் காற்புள்ளியில் தொங்கும். அங்கே முற்றுப்புள்ளி வேண்டும், இல்லையென்றால் அரைப்புள்ளி. அரைப்புள்ளியை அச்சுக்குக் கொண்டுவந்தவர் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ். 1490களில், எட்னா எரிமலையைப் பற்றி பியெத்ரோ பெம்போ எழுதிய நூலில் அதைப் பயன்படுத்தினார்.

எது இணைப்புச் சொல், எது வினையடை என்று சந்தேகம் வந்தால் சொல்லை நகர்த்திப் பாருங்கள். 'பட்' இடம்விட்டு அசையாது. 'ஹவெவர்' நகரும்: 'தி பஸ், ஹவெவர், கேம் ஆன் டைம்.' அப்படி நகர்த்தியதில் அழுத்தமும் மாறுகிறது. ரயில் வரவில்லை, பஸ் மட்டும் வந்தது என்ற தொனி கிடைக்கிறது. இந்த நுட்பத்தைத்தான் வகுப்பில் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஹவெவர்' வரவே கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் நடைக் கையேட்டில் வகுத்த விதி அது, அந்தக் கையேட்டை ஈ.பி. ஒயிட் திருத்தி 1959இல் வெளிவந்த பதிப்பால் உலகமெங்கும் பரவியது. பழைய பொருளும் புதிய பொருளும் அந்த இடத்தில் மோதிக்கொள்ளும் என்பது ஸ்ட்ரங்கின் அச்சம். அச்சம் நியாயமானது, விதி தேவைக்கு மேல் கடுமையானது. 'ஹவெவர் ஹாட் தி டே, ஷி வாக்ஸ்' என்றால் எவ்வளவு வெயிலானாலும் நடப்பாள். 'ஹவெவர், ஷி வாக்ஸ்' என்றால் இருந்தாலும் நடக்கிறாள். ஒரு காற்புள்ளி குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. தயங்காமல் தொடக்கத்தில் எழுதுங்கள். அந்தக் காற்புள்ளியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'ஆல்தோ' வந்தால் 'பட்' வரக்கூடாதாம், 'யெட்' வரலாமாம். இது என்ன நியாயம்?

பதில்: 'ஏழையாக இருந்தாலும்' என்று தொடங்கிவிட்டு நாமும் 'ஆனால்' போடுவதில்லையே! ஓர் இணைப்பு போதும். 'யெட்' வினையடையாகவும் வரும் என்பதால் அதற்கு இடமுண்டு. நம் பள்ளிகளில் பழகிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் 'தோ', 'யெட்' இரண்டையும் இணைச் சொற்களாகவே காட்டுகிறது. இன்றைய நடையில் 'யெட்' இல்லாமலே எழுதுவது வழக்கம்.

கேள்வி: சட்டங்களில் வரும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' எங்கிருந்து வந்தது?

பதில்: லத்தீனிலிருந்து. 'நான் ஆப்ஸ்டான்டே' என்றால் 'குறுக்கே நிற்காமல்'. அதைத்தான் ஆங்கிலத்தில் 'நாட்', 'வித்ஸ்டாண்டிங்' என்று அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். மற்ற எந்தப் பிரிவும் குறுக்கே நிற்காது என்று அறிவிப்பதற்காகச் சட்டம் இந்தச் சொல்லோடு தொடங்கும். நம் அரசியலமைப்பின் 370ஆவது பிரிவும் 1950இல் அப்படித்தான் தொடங்கியது. நீதிமன்றங்களில் இதை 'நான் ஆப்ஸ்டான்டே கிளாஸ்' என்பார்கள். 'தி ரெய்ன் நாட்வித்ஸ்டாண்டிங்' என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் அது வருவதற்குக் காரணம் இந்தப் பிறப்புதான்: 'மழை குறுக்கே நிற்காமல்' என்பதே அந்தத் தொடரின் நேர்ப்பொருள்.