வரியைக் குறைத்தால் ஊர் வளருமா?

நம்பிக்கை: பசறைப் பிரதேச சபை வரியைக் குறைத்தால், பதுளைக்குப் போகிற வியாபாரம் இங்கே வந்துவிடும்.

குறைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அச்சட்டத்தின்படி வருடாவருடம் வர்த்தமானியில் வந்த அட்டவணைகளைப் பாருங்கள். வியாபார அனுமதிப்பத்திரத்துக்கான உச்சக் கட்டணம் வருடத்துக்கு 1,000 ரூபாய். அனுமதிப்பத்திரம் தேவைப்படாத தொழில்களுக்கு வேறு வரி உண்டு. ஆண்டு வரவு 150,000 ரூபாயைத் தாண்டினாலும் அதற்கான உச்சம் 3,000 ரூபாய்தான். பதுளையிலிருந்து பசறைக்குச் சாமான் ஏற்றிவரும் லொறி வாடகைக்கே காணாத தொகை இது. இதைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்பதற்காக எந்த முதலாளியும் கடையை இடம் மாற்ற மாட்டார். பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி, ரயில் நிலையம் எல்லாம் பதுளையில் இருப்பதால்தான் சனம் பதுளைக்குப் போகிறது. சோலைவரியைக் குறைத்தால் குப்பை அள்ளவும் தெருவிளக்குப் போடவும் சபையிடம் இருக்கும் கொஞ்சப் பணமும் கரையும். அவ்வளவுதான் நடக்கும்.

நம்பிக்கை: நாட்டின் கடன் கொழும்பின் விஷயம். மாகாண, சபை வரிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதில் பாதி சரி. 2022 ஏப்ரலில் திருப்பிச் செலுத்த முடியாமல் நிறுத்தப்பட்ட வெளிநாட்டுக் கடன் சபைகள் வாங்கிய கடன் அல்ல. ஆனால் வரி ஒரு மட்டத்தில் கைவிடப்பட்டால் அந்தச் செலவு இன்னொரு மட்டத்தின் தலையில் விழுகிறது. பசறை இருக்கும் ஊவா மாகாணத்திலேயே இது நடந்தது. மாகாண சபைகளுக்கென்று புரள்வு வரி ஒன்று இருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டு, மத்திய அரசு அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கைத் தருவதாகச் சொன்னார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியும் ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள், வருமானம் இழந்தவை மாகாணங்கள். ஆசிரியர் சம்பளத்துக்கும் மருந்துக்கும் மாகாணம் திறைசேரியின் முகத்தைப் பார்க்கவேண்டிய நிலை இன்னும் இறுகியது. திறைசேரியோ அதே மாதத்தில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்திருந்தது. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த வரி வருமானம், 2022இல் 7 வீதத்துக்குச் சற்று மேல்வரை சரிந்தது. இடைவெளியைக் கடனும் அச்சடித்த காசும் நிரப்பின.

உண்மையான வரிப் போட்டியும் மத்திய அரசின் மட்டத்தில்தான் நடக்கிறது. முதலீட்டாளரை இழுக்க அயல்நாடுகளோடு போட்டியிட்டு, 1978 முதல் வரிவிடுமுறை கொடுத்துவருகிறோம். 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 வருடம்வரை விலக்களிக்க இடம் தந்தது. 2021இல் வந்த கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் அங்கே 40 வருடம்வரை விலக்களிக்க இடம் தந்தது. கிட்டத்தட்ட ஒரு தொழிலாளியின் முழு உழைப்புக்காலமளவு நீண்ட சலுகை இது! இதை விட்டுவிட்டுப் பசறைச் சபையின் 1,000 ரூபாயைப் பற்றிச் சண்டை பிடிப்பதில் நியாயமில்லை.

நம்பிக்கை: போட்டியிருந்தால் எல்லா ஊரும் முன்னேறும்.

இந்தியாவில் மாநிலங்களுக்கு விற்பனை வரி அதிகாரம் நிஜமாகவே இருந்தது. தொழிற்சாலைகளைப் பிடிக்க ஒன்றையொன்று முந்திச் சலுகை கொடுத்தன. ஒருவர் தந்ததை மற்றவரும் தந்ததால் கூடுதல் லாபம் எவருக்கும் நிலைக்கவில்லை, கஜானாக்கள் மட்டும் இளைத்தன. கடைசியில் 1999 நவம்பரில் முதலமைச்சர்கள் கூடி, 2000 ஜனவரி முதல் எல்லோரும் ஒரே அடிமட்ட வீதத்தைக் கடைப்பிடிப்பது, புதிய தொழில்களுக்கு விற்பனை வரிச் சலுகையை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள்.

நம்பிக்கை: தோட்டத்துச் சனம் வரி கட்டுவதில்லை, அதனால் சபையிடம் கேட்க உரிமையில்லை.

எனக்கு மிகவும் வலிக்கிற பேச்சு இது. வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். நமுனுகுல மலையடியில் கொழுந்து பறிக்கிற அக்கா வாங்கும் சவர்க்காரத்திலும், பிள்ளைக்குப் போடும் ரீலோட்டிலும் அது இருக்கிறது. முதலீட்டாளருக்கு விட்டுக்கொடுத்ததில் ஒரு பங்கை இவர் நாட்கூலியிலிருந்து நிரப்புகிறார். சோலைவரிச் சிட்டை இவர் பெயருக்கு வராததற்குக் காரணம், தலைமுறைகளாகக் குடியிருக்கும் லயத்துக்கு இவர் கையில் உறுதி இல்லை என்பதே. தோட்டப் பாதைக்கும் தண்ணீருக்கும் செலவழிக்கச் சபைகளுக்கு நெடுங்காலம் தடையாக நின்றது சட்டத்தின் 33ஆம் பிரிவு. அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே சபையின் வரவுசெலவுத் திட்டம் வரும்போது, எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று அந்த அக்கா கேட்கலாம். பதில் சொல்வது சபையின் கடமை.