பின்பல்டிக்குப் பயப்படும் மகள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பாடசாலையில் ஜிம்னாஸ்டிக் பழகுகிறாள். பின்பக்கமாகப் பாய்ந்து கையூன்றிப் புரளும் வித்தை மட்டும் வருகுதில்லை. பயந்து நின்று, வீட்டுக்கு வந்து அழுகிறாள். நிறுத்திவிடவா?
– ஓர் உம்மா, கல்முனை

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி, அவசரப்படுத்தவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பக்கம் பாய உடம்பு தயங்குவது இயல்பு. அது கோழைத்தனமல்ல.

உலகின் தலைசிறந்த வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கும் இதுபோன்ற ஒன்று நேர்ந்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே அவருக்குத் தப்பியது. பல போட்டிகளிலிருந்து விலகினார். பின், அதே ஒலிம்பிக்கில் சமநிலைக் கட்டையில் முறுக்கிச் சுழன்று இறங்குவதை விட்டு, எளிய முறையில் இறங்கி வெண்கலம் வென்றார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கம்.

உங்கள் மகளும் ஒரு படி இறங்கட்டும். முதலில் பாலம்போல் வளைதல், சுவரோரம் கைகளில் நிற்றல். பிறகு தடித்த மெத்தையில், பயிற்றுவிப்பாளர் இடுப்பைத் தாங்கிப் பிடிக்கப் பாய்தல். வீட்டுச் சீமெந்துத் தரையில் தனியாக முயல விடாதீர்கள். மணிக்கட்டோ முதுகோ நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

“இன்றைக்கு வந்ததா?” என்று கேட்காமல், “இன்றைக்கு என்ன பழகினாய், மகள்?” என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். அதே டோக்கியோவில் இலங்கையின் முதல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாக மில்கா கெஹானி நின்றதை அவளுக்குச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பிள்ளைக்கும் அந்த மேடை எட்டும்.