பின்வாசல் வழியே வந்த மாணவன்

ஆசிரியர் முன்வாசலில் நின்று, வகுப்புக்குள் வருபவர்களைப் பதிவேட்டில் குறிக்கிறார். ஒருவன் மட்டும் பின்வாசல் வழியே வந்து அமர்ந்துவிட்டான். பதிவேட்டின்படி அவன் "வரவில்லை". வீட்டுக்கும் செய்தி போய்விடுகிறது! இதுதான் பொய் எச்சரிக்கை. கணிப்பொறியிலும் இதே சங்கடம் உண்டு.

இயக்க அமைப்பின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, அதில் எதையும் எழுதாமலே படித்தால் என்ன கிடைக்கும்? முன்பு அங்கிருந்த எச்சம்தான் கிடைக்கும். அது வேறொருவருடைய கடவுச்சொல்லாகவும் இருக்கலாம்!

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க, 2022-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் கேஎம்சான் என்னும் சோதனைக் கருவி சேர்க்கப்பட்டது. நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் அது ஒரு நிழல் பிட் வைத்திருக்கிறது. நிழல் 1 என்றால் "இன்னும் எழுதப்படவில்லை". 0 என்றால் "எழுதப்பட்டது". எழுதப்படாத மதிப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகல் எடுத்தால் மட்டும் கருவி கூச்சலிடாது. நிழலையும் சேர்த்து நகல் எடுத்துக்கொள்ளும். அம்மதிப்பை வைத்து நிரல் ஒரு முடிவு எடுக்கும்போது எச்சரிக்கும். பல பொய் எச்சரிக்கைகளுக்கு இங்கேயே வழியடைபட்டு விடுகிறது எனலாம்.

நிழலை மாற்றும் கட்டளைகளைச் சேர்ப்பது கம்பைலர். அதுவே நம் முன்வாசல் ஆசிரியர். அசெம்பிளி மொழியில் எழுதிய பகுதிகளும், நினைவகத்தில் நேரடியாக எழுதும் வலைப்பின்னல் அட்டையும் பின்வாசல்கள். அங்கே தரவு வந்து சேர்ந்தாலும் நிழல் 1 ஆகவே நிற்கும்.

பரிகாரம் என்ன? பின்வாசலில் வந்த பைட்டுகளை மட்டும் "எழுதப்பட்டவை" என்று ஒரு கட்டளையால் கருவிக்கு அறிவிக்கவேண்டும். 16 பைட் ஒதுக்கிய இடத்தில் 12 பைட்தான் எழுதப்பட்டது என்று கொள்வோம். பதினாறையும் அறிவித்துவிட்டால், மீதி நான்கில் உள்ள உண்மைப் பிழை ஒளிந்துகொள்ளும்!

எச்சரிக்கையை அவசரப்பட்டு அடக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. 2006-இல் டெபியன் லினக்ஸில், வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சில வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, இரகசியச் சாவிகளுக்கான எதேச்சை எண்களைக் கலக்கும் வரி! விளைவாக, ஒவ்வொரு வகைச் சாவியிலும் சுமார் 32,000 சாவிகளே உண்டாகக்கூடிய நிலை ஏற்பட்டது. எவரும் அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடலாம். 2008 மே மாதத்தில்தான் இக்குறை வெளிப்பட்டது.

ஆகவே நண்பர்களே, மணி ஒலித்தால் அதன் நாக்கைக் கட்டிவிடாதீர்கள். யார் எந்த வாசலில் வந்தார் என்று முதலில் பாருங்கள்!