ஈயமா, இறக்கை மடிப்பா, ஜைரோவா?

“அண்ணா, ஜைரோ ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். பிளேன் நிக்கவே மாட்டேங்குது.”

“எப்படி நிக்க மாட்டேங்குது?”

“ஆடுதுண்ணா.”

“எந்தப் பக்கம்?”

எதிர்வீட்டுப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டு. பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம், சில ஆயிரம் ரூபாய், கையில் சூடாக இருக்கிறது. என்னிடமும் முதல் விமானத்தின்போது இதே சூடு இருந்தது. அதனால் அவனை உட்காரவைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கணக்குக்கு அவனுடைய ரிமோட் விமானத்தையே எடுத்துக்கொள்வோம்: ஃபோமில் வார்த்தது, இறக்கை மேலே, மோட்டார் மூக்கில். நுனிக்கு நுனி 1400 மில்லிமீட்டர், இறக்கையின் முன்பின் அகலம் 200, பறக்கும் எடை 900 கிராம்.

‘ஆடுது’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மூக்கு மேலும் கீழும் போவது ஒன்று. இறக்கை ஒரு பக்கமாகவே சாய்வது வேறு. வால் நாய் வாலைப் போல இடமும் வலமும் அலைவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மூக்கு விவகாரம் என்றால் சந்தேகமே வேண்டாம், முதலில் எடை மையம். களத்தில் எல்லாரும் சி.ஜி. என்பார்கள். இந்த மாதிரி விமானத்துக்கு அது முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் கணக்கில் 50 முதல் 66 மில்லிமீட்டர். இரண்டு ஆள்காட்டி விரல்களால் இறக்கையின் அடியில் தாங்கிப் பாருங்கள், பேட்டரி உள்ளே இருக்கும்போது. வால் தொங்கினால் அந்த விமானத்தை எறியாதீர்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தது ஒரே ஒரு முறை பறக்கும்.

சரிசெய்ய மூன்று வழிகள். பேட்டரியை நகர்த்துவது இலவசம்: 180 கிராம் பேட்டரியை 40 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் மையம் 8 மில்லிமீட்டர் முன்னே வரும். அறையில் இடமில்லையென்றால் பலரும் மூக்கில் ஈயம் ஒட்டுகிறார்கள். மையத்திலிருந்து 300 மில்லிமீட்டர் முன்னால் ஒட்டினால், அதே 8 மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிராம் ஈயம் தேவை. ஆனால் வால் மையத்திலிருந்து 700 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே 10 கிராமைக் கழற்றினாலே அதே பலன். பையனின் விமானத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாலில் மூன்று ஸ்டிக்கர், இரண்டு முறை உடைந்து ஒட்டிய ஹாட் குளூ கட்டிகள், கூடவே ஒரு குட்டி எல்.இ.டி. பட்டை. சுரண்டி எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தோம்: 14 கிராம். ஈயம் சேர்ப்பது என் பட்டியலில் கடைசி. எடை கூடினால் காற்றில் கொஞ்சம் உறுதியாகப் போகும், உண்மைதான். ஆனால் இறங்கும் வேகமும் கூடும், விழுந்தால் அடியும் கூடும்.

மையம் சரிதானா என்பதை வானத்திலும் கேட்கலாம். நேர்மட்டமாகப் போகும்படி டிரிம் செய்துவிட்டு, நல்ல உயரத்தில் மோட்டாரை அணைத்து, மூக்கை 30 டிகிரி கீழே சாய்த்து ரிமோட் குச்சியை விட்டுவிடுங்கள். சட்டென்று தானே மேலே தூக்கினால் மூக்கு கனம். மெல்ல நிமிர்ந்தால் நல்லது. இன்னும் கீழே குத்திக்கொண்டு போனால் வால் கனம். உடனே மீட்டு இறக்குங்கள். மோட்டாரைத் திறக்கும்போது மட்டும் மூக்கு தூக்கினால் சி.ஜி.யைக் குறை சொல்லாதீர்கள். மோட்டார் தட்டின் மேல் திருகுகளுக்குப் பின்னால் மெல்லிய வாஷர் வைத்து, மோட்டாரை 2 முதல் 3 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும்.

அடுத்து இறக்கை. இரண்டு பக்கமும் நுனி மேலே ஏறியிருக்கும் V வடிவ மடிப்பை டைஹீட்ரல் என்பார்கள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமே சறுக்கும்போது, தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைத்து அதுவே நிமிரும். புதிய சங்கதி இல்லை. அல்ஃபோன்ஸ் பெனோ 1871இல் பாரிஸின் துயிலரி தோட்டத்தில் ரப்பர் பட்டையால் பறக்கவிட்ட சிறு மாதிரி, யாரும் இயக்காமலே 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் நேராகப் போனது. நுனி உயர்ந்த இறக்கையும் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்த வால் பலகையும்தான் அதன் சூட்சுமம். ரைட் சகோதரர்கள் சிறுவயதில் விளையாடிய பறக்கும் பொம்மையும் இதே பெனோவின் வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் 1903இல் அவர்கள் கட்டிய விமானத்தில் இறக்கை நுனிகளைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார்கள். காற்று அலைக்கழிக்கும் என்ற பயம்.

அந்தப் பயம் கோயம்புத்தூர்ப் பக்கம் பறக்கவிடும் எங்களுக்கு நன்றாகப் புரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது 900 கிராம் ஃபோம் எந்த மூலைக்கு? மடிப்பு அதிகமானால் பக்கவாட்டில் வரும் ஒவ்வொரு வீச்சும் இறக்கையைக் கவிழ்க்கப் பார்க்கும். ஆகவே ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) இல்லாமல் ரடரால் (செங்குத்து வாலில் அசையும் பலகை) மட்டும் திரும்பும் விமானம் என்றால் பக்கத்துக்கு 5 டிகிரி வையுங்கள். மடிப்பு இல்லாமல் அது திரும்பவே திரும்பாது. ஐலரான் இருந்தால் 2, 3 டிகிரி தாராளம். 3 டிகிரிக்கு அளவு சொல்கிறேன்: நடுமூட்டை அறுத்தபின் ஒரு பாதியை மேசையில் தட்டையாக வைத்து, மறு பாதியின் நுனிக்கு அடியில் 73 மில்லிமீட்டர் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி ஒட்டுங்கள். மூட்டின் குறுக்கே கார்பன் குழாயோ ஒட்டுப்பலகையோ கட்டாயம். பசையில் கவனம்: சூப்பர் குளூ தெர்மோகோலைத் தின்றுவிடும், வார்த்த ஈ.பி.ஓ. ஃபோமை ஒன்றும் செய்யாது.

மடிப்பைக் கூட்டியபின் வால் அலைய ஆரம்பித்தால் செங்குத்து வால் போதவில்லை என்று பொருள். ஃபோம் அட்டையில் ஒரு துண்டு வெட்டி அடியில் ஒட்டிப் பெரிதாக்கலாம். அளவுக்கு மீறி ஒட்டினால் எதிர்த் தொல்லை: சாய்ந்த பக்கமே சுருண்டு சுருண்டு இறங்கும். அதனால் முதலில் டேப்பில் ஒட்டிப் பறக்கவிட்டுப் பாருங்கள்.

எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது, அதுவும் வேகம் கூடக் கூட அதிகமாகிறது என்றால் இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதன் பலன் பெரும்பாலும் இதுதான். டிரிம் ஒரே ஒரு வேகத்துக்குத்தான் இதை மறைக்கும். சூடான நீரை ஊற்றி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருங்கள். இறக்கை வளைந்து வளைந்து துடித்தால் அடியில் காடி வெட்டிக் கார்பன் குழாய் பதிக்கலாம். குழாய் வளைவைத் தடுக்கும் அளவுக்கு முறுக்கலைத் தடுக்காது. அதற்கு இழை டேப்பைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டுவதே மேல்.

இதையெல்லாம் விட மலிவான ஒன்று உண்டு. பலகையை அசைக்கும் குட்டி மோட்டாரான செர்வோவின் கையில் உள்துளையிலும், ஐலரான் கொம்பின் வெளித்துளையிலும் கம்பியை மாட்டுங்கள். அசைவும் குறையும், தொளதொளப்பும் குறையும். பாதிப் பேருக்கு விமானத்தின் ஆட்டம் என்று தோன்றுவது அவர்கள் கைவிரலின் ஆட்டம்.

இத்தனைக்கும் பிறகுதான் ஜைரோ, அதாவது ஆட்டத்தை உணர்ந்து செர்வோக்களைத் தானே அசைத்துத் திருத்தும் கருவி. அதை நான் மட்டம் தட்டவில்லை. மையம் சரியான விமானத்தில், காற்றடிக்கும் நாளில், அதைப்போல் உதவுவது வேறில்லை. வால் கனத்ததில் போட்டால் செர்வோக்கள் ஓயாமல் உழைத்து நோயை மறைக்கும். இறங்கும்போது வேகம் குறைந்து, வால் பலகையில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டருக்குப் பிடி போனதும், மறைத்ததெல்லாம் ஒன்றாக வெளியே வரும். மாட்டினால், எறிவதற்கு முன் திசையைச் சோதியுங்கள். விமானத்தை வலப்பக்கம் சாய்த்தால் வலது ஐலரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும். வாலை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே ரடர் போக வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் கையைவிட்டுப் போன இரண்டாவது விநாடி தரையில்தான். வேகத்தில் படபடவென்று நடுங்கினால் ஜைரோவின் கெயினை, அதாவது திருத்தும் அளவை, குறையுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம். பையனின் இறக்கை அடியில் இப்போது மார்க்கரில் 66, 62, 58 என்று மூன்று கோடுகள் இருக்கின்றன. 58க்குப் பக்கத்தில் ஒரு டிக். ஜைரோ இன்னும் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது பேட்டரி வாங்கியிருக்கிறான்.